உப்பு தேவையான அளவு

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக மடியில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன காபி, முகத்தில் எள்ளும் கொள்ளும்.

"லீவு நாள்ல கூட புரோகிராம் எழுதணுமாம்மா?"

"புரோகிராம் இல்ல அங்கிள். விளக்கவுரை. ஏஜென்ட்டுக்கு எழுதிட்டிருக்கேன்."

"எந்த ஏஜென்ட்? எல்.ஐ.சி.யா?"

சிரித்தாள். அதோடு சிரிப்பு முடிந்தது. அடுத்த அரை மணி நேரம் அவள் கொட்டித் தீர்த்ததைக் கேட்டதிலிருந்து எனக்கும் ரத்தக் கொதிப்பு. எனவே இந்த வாரம் கொஞ்சம் டெக்னிக்கலாகப் பேச வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது புரியும்.

அவள் சொன்னது ஏ.ஐ. ஏஜென்ட். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு கம்மென்று இருக்கிற ரகம் இல்லை. 'இந்த ஆர்டரை ரத்து பண்ணு, பணத்தைத் திருப்பிக் கொடு, கஸ்டமருக்கு ஒரு மெயில் தட்டு' என்றால் தானே போய்ச் செய்துவிட்டு வந்து நிற்கும். அது போய்ச் செய்வதற்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒரு வழி விட வேண்டும் இல்லையா? அந்த வழிக்குப் பெயர்தான் ஏ.பி.ஐ. பழைய வங்கிகளில் இருந்த கவுன்ட்டர் ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான படிவத்தைச் சரியாகப் பூர்த்தி செய்து உள்ளே நீட்டினால் வேலை நடக்கும்.

இத்தனை நாள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர் ஒரு மனிதர். புரோகிராமர். படிவம் புரியாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். அவருக்கும் தெரியாவிட்டால் டீக்கடையில் யாரையாவது பிடிப்பார். இரண்டு முறை தப்பாகப் போட்டு, திட்டு வாங்கி, மூன்றாவது முறை சரியாகப் போடுவார். இப்போது அந்த இடத்தில் நிற்பது ஏஜென்ட். அதற்கு டீக்கடை கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் பொதுவாக முடியாது. அதற்குத் தெரிவதெல்லாம் மூன்றே மூன்று: ஜன்னலின் பெயர், ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கும் போர்டு, படிவத்தில் உள்ள கட்டங்களின் பெயர்கள். அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் உலகம்.

அந்தப் போர்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் அவசரம் என்றால், போன மாதம் ஒரு கூத்து நடந்திருக்கிறது.

அவள் கம்பெனி ஆன்லைன் கடைகளுக்கு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் செய்கிறது. அதில் ஒரு ஜன்னலின் பெயர் 'கேன்சல் ஆர்டர்'. மேலே போர்டில் எழுதியிருந்தது: 'ஆர்டரை ரத்து செய்யும்'. அவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்பு! 'கதவு' என்று எழுதி கதவிலேயே ஒட்டின மாதிரி. ஆர்டர் விவரத்தில் 'ஃப்ளாக்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏதோ ஒரு எண் இருக்கும். என்ன எண், என்ன அர்த்தம், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஏழு என்றால் சரக்கு குடோனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தமாம். அப்போது முதலில் டெலிவரியை நிறுத்துகிற இன்னொரு ஜன்னலுக்குப் போய்விட்டு, அப்புறம்தான் இங்கே வர வேண்டும். இது கம்பெனியில் நாலைந்து பேருக்குத் தெரியும். தலைக்குள் தெரியும்.

ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? ரத்து செய் என்றார்கள், ரத்து செய்தது. ஒன்றரை நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. கஸ்டமர்களுக்குப் பணமும் திரும்ப வந்துவிட்டது, பொருளும் வீடு தேடி வந்துவிட்டது. அவர்கள் ஏன் புகார் செய்யப் போகிறார்கள்?

மீட்டிங் போட்டார்கள். பவர்பாயின்ட்டில் காரணம் என்று போட்டிருந்த வாசகம்: 'ஏ.ஐ. செய்த தவறு'.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏ.ஐ. என்ன தவறு செய்தது, சொல்லுங்கள்? போர்டில் இருந்ததைப் படித்தது. போர்டில் இருந்ததைச் செய்தது. நாளைக்கே நீங்களோ நானோ அந்த கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து அதே போர்டைப் பார்த்திருந்தால் அதையேதான் செய்திருப்போம். அதற்காக ஏ.ஐ. பரம யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்வதில் அது நம் அரசியல்வாதிகளோடு போட்டி போடும். ஆனால் அதன் தலையில் அதன் தவறை மட்டும் கட்டுங்கள். எழுத வேண்டியதை எழுதாமல் விட்டவனின் தவறையும் சேர்த்துக் கட்டாதீர்கள். முன்பெல்லாம் 'சிஸ்டம் டவுன் சார்' என்று சொல்லிக் கையை விரிப்பார்கள். இப்போது 'ஏ.ஐ. பண்ணிடுச்சு சார்'. சிஸ்டத்தின் மேலும் கேஸ் போட முடியாது, ஏ.ஐ. மேலும் கேஸ் போட முடியாது. என்ன வசதி!

ரயில் டிக்கெட் என்று சொன்னேனே, அதற்கு வருவோம். உங்களுக்காக டிக்கெட் எடுக்கும் ஒரு ஏஜென்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் முதல் கட்டம்: 'புறப்படும் இடம்'. என்ன எழுதும்? சென்னை என்றா? சென்னையில் எந்த ஸ்டேஷன்? சென்ட்ரலுக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு எம்.ஏ.எஸ். எழும்பூருக்கு எம்.எஸ். தாம்பரத்துக்கு டி.பி.எம். சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தது 2019-ல். போர்டு மாறியது, குறியீடு மாறவில்லை. இதெல்லாம் நமக்குப் பழக்கத்தில் தெரியும். ஒரு எழுத்து விட்டுப்போனால் நீங்கள் எழும்பூரில் நிற்பீர்கள், வண்டி சென்ட்ரலில் நிற்கும்.

அடுத்த கட்டம், தேதி. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்காக்காரனுக்கு மார்ச் நாலு. ஏஜென்ட் இரண்டு ஊர் எழுத்தையும் படித்து வளர்ந்த பிள்ளை. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். 'வருடம்-மாதம்-தேதி என்ற வரிசையில் எழுதவும், உதாரணம் இது' என்று போர்டில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஜன்னல் பதில் சொல்கிறது: 'சக்ஸஸ்'. ஏஜென்ட் சந்தோஷமாக உங்களுக்கு மெசேஜ் அனுப்புகிறது. பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் 74. முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்ட இ-டிக்கெட், சார்ட் போட்டதும் தானாகவே ரத்தாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஜன்னலைக் கட்டினவனுக்கு 'சக்ஸஸ்' என்றால் படிவத்தை வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். தங்கை கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு சக்ஸஸ் என்றால் பெர்த் என்று அர்த்தம். இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை யாராவது உட்கார்ந்து எழுத்தால் நிரப்ப வேண்டும்.

பண விஷயம் இன்னும் மோசம். நம் ஊர் ரேசர்பே, அமெரிக்காவில் தலைமையகம் உள்ள ஸ்ட்ரைப் இரண்டிலும் தொகையைச் சில்லறைக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். 500 ரூபாய் வாங்க வேண்டுமென்றால் 50000 பைசா. நல்லவேளை, இரண்டு பேரும் இதைத் தெளிவாக எழுதி, உதாரணமும் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரைப் ஒரு படி மேலே போய், லைன் கட்டாகி அதே வேண்டுகோளைத் திரும்ப அனுப்பினால் இரண்டு தடவை பணம் பிடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது: ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு தனி அடையாளத்தைச் சேர்த்து அனுப்பு, அதே அடையாளத்தோடு மறுபடி வந்தால் பழைய பதிலையே தருவேன். இப்படி எழுதுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதாதவர்கள் மேல் கோபம் வருகிறது. முடியாத காரியம் இல்லையே!

இது ஏ.ஐ. வந்த பிறகு முளைத்த வியாதி என்று நினைக்க வேண்டாம். தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் இருந்தது. கனடா நாட்டு அரசு நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. 1985-க்கும் 1987-க்கும் நடுவில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிப் பல மடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அதில் மூன்று பேராவது அதனாலேயே இறந்தார்கள். டெக்ஸாஸ் மாநிலம் டைலர் ஊர் மருத்துவமனையில், 1986 மார்ச்சில், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஆபரேட்டரின் திரையில் வந்த செய்தி: 'மால்ஃபங்ஷன் 54'. கோளாறு 54! அப்படியென்றால் என்ன? ஆபரேட்டருக்குக் கொடுத்த கையேட்டில் அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த மாதிரி எண்கள் அந்த மெஷினில் அடிக்கடி வந்து போகும். தொடரவும் என்பதற்கு ஒரு பட்டன் இருந்தது. ஆபரேட்டர் வழக்கம்போல அதை அமுக்கினார். உள்ளே படுத்திருந்தவருக்கு இரண்டாவது தடவையும் பாய்ந்தது.

மூல காரணம் சாஃப்ட்வேர் கோளாறு. பழைய மாடல்களில் இருந்த தனிப் பாதுகாப்புப் பூட்டுகளை இதில் எடுத்துவிட்டு சாஃப்ட்வேரையே நம்பினார்கள். அது உண்மை. ஆனால் அந்தத் திரையில் '54' என்பதற்குப் பதிலாக 'டோஸ் அளவு தவறு, நிறுத்து, நோயாளியைப் போய்ப் பார்' என்று வந்திருந்தால் ஆபரேட்டரின் விரல் அந்த பட்டனுக்குப் போயிருக்குமா?

இன்றைக்கும் ஏஜென்ட்டுகள் சந்திக்கும் ஜன்னல்களில் பாதி 'கோளாறு 54' ரகம்தான். 'எரர் 400'. 'இன்வேலிட் இன்புட்'. எது இன்வேலிட், என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வராது. ஏஜென்ட் என்ன செய்யும்? அந்த ஆபரேட்டர் செய்ததைத்தான் செய்யும். இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்கும். பணம் அனுப்புகிற ஜன்னலில் இன்னொரு தடவை அமுக்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

சரி, எப்படித்தான் எழுதுவது? ஏ.ஐ. செய்கிற கம்பெனிகளே இதற்குப் புத்திமதி சொல்ல ஆரம்பித்திருக்கின்றன. ஆந்த்ரோபிக் என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் 2025 செப்டம்பரில் எழுதிய கட்டுரையில், உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்படி விளக்குவீர்களோ அப்படி எழுதுங்கள் என்கிறார்கள். உங்கள் மனதுக்குள்ளேயே இருக்கிற சங்கதிகளை வெளியே எடுத்து வையுங்கள், கட்டத்துக்கு 'யூசர்' என்று பெயர் வைக்காதீர்கள், 'யூசர் ஐ.டி.' என்று தெளிவாக வையுங்கள் என்றும் சொல்கிறார்கள். அருமையான யோசனை.

இதைச் சொன்னதும் நண்பரின் மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"அங்கிள், நான் புதுசா சேர்ந்தப்ப எனக்கு யாரு இப்படி விளக்கினாங்க? டாகுமென்ட் எங்கன்னு கேட்டேன். 'கோடைப் படிம்மா, அதுதான் டாகுமென்ட்'னு சொன்னாங்க. அந்த ஃப்ளாக் ஏழை நானும் தெரியாமத்தான் தொட்டேன். எனக்கு அப்ரைசல்ல கை வைச்சாங்க. இப்ப அதே தப்பை மெஷின் பண்ணினதும் 'அடடா, டாகுமென்ட்டேஷன் சரியில்லை'ங்கறாங்க. அப்ப நான் மனுஷி இல்லையா?"

எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். வருடக்கணக்காக நம் கம்பெனிகளில் டாகுமென்ட் எழுதுவது என்பது தண்டனை. வேலை தெரியாதவனுக்குக் கொடுக்கிற வேலை. புராஜெக்ட் முடிந்து 'டைம் இருந்தால்' செய்கிற வேலை. டைம் எந்த புராஜெக்ட்டில் இருந்திருக்கிறது? புதிதாக வந்த ஆயிரமாயிரம் பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணி வரை தடவித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். அந்த நேரத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. மெஷின் தடவினால் மட்டும் கணக்கு வருகிறது. அது படிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும், தப்பாகப் போட்டுத் திரும்பப் போடுகிற ஒவ்வொரு முறைக்கும் பில் வருகிறதே! பில் வந்ததும் ஞானம் வந்துவிட்டது.

எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' எழுதினார். இன்றைக்கும் விற்கிறது. கல்யாணமாகி வேற்றூர் போன பெண்கள் அதைக் கையோடு எடுத்துப் போனார்கள். கேட்க மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை என்கிற இடத்தில் அது பேசியது. எது எத்தனை ஆழாக்கு, எதற்கு அப்புறம் எது என்று இருக்கும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் 'உப்பு தேவையான அளவு, பதம் வந்ததும் இறக்கு' என்பார்கள். எது தேவையான அளவு, எது பதம் என்று தெரிந்தவளுக்கு அந்தக் குறிப்பே தேவையில்லையே! நம் சாஃப்ட்வேர் மேதைகள் எழுதுகிற விளக்கங்களில் முக்கால்வாசி இந்த 'தேவையான அளவு' ஜாதிதான். தெரிந்தவனுக்குப் புரியும்.

இதற்கு இரண்டு சமாதானம் சொல்கிறார்கள். ஒன்று, ஏ.ஐ. நாளுக்கு நாள் புத்திசாலியாகிக்கொண்டே போகிறது, அதுவே புரிந்துகொள்ளும். ஐயா, ஐன்ஸ்டீனைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் ஃப்ளாக் ஏழு என்றால் குடோனை விட்டுக் கிளம்பிய சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அது புத்தியால் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை, யாரோ ஒருவர் ஒரு நாள் அப்படி முடிவு செய்த விஷயம்.

இரண்டாவது சமாதானம் இன்னும் ஜோர். கோடை ஏ.ஐ.யிடமே கொடுத்து, அதையே விளக்கம் எழுதச் சொல்லிவிடலாமாம். கோடு என்ன செய்கிறது என்று அது அழகாகச் சொல்லும். ஏன் செய்கிறது, எப்போது செய்யக்கூடாது, போன தீபாவளி சமயத்தில் இதனால் என்ன கலாட்டா ஆனது என்பதெல்லாம் கோடில் இருக்காது. செய்யக்கூடாததைச் சொல்வதுதான் விளக்கத்தில் பாதி. அதற்கு அனுபவப்பட்ட ஆள் வேண்டும்.

எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற தளத்தில் ஒரு ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று எழுத்தில் சொல்லியிருந்தும், நிஜமான டேட்டாபேஸையே அழித்துவிட்டது. கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு செய்த காரியம்தான் முக்கியம்: சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அழிக்கக்கூடாத அறைக்குப் போர்டு மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்க 2024 நவம்பரில் வெளியான எம்.சி.பி. என்ற பொது முறையில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒரு கருவி எதையாவது அழிக்குமா என்று சொல்ல அதில் ஒரு கட்டம் இருக்கிறது. எழுதுகிறவர் ஒன்றும் சொல்லாமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் என்றால் ஆபத்து என்று வைத்துக்கொள். எவ்வளவு நிதானமான யோசனை! முன்பின் தெரியாதவன் மாட்டின போர்டில் இந்தக் கட்டத்தையும் நம்பாதே என்றும் அதிலேயே எச்சரிக்கை இருக்கிறது. போர்டிலேயே வஞ்சகமாக 'முதலில் உன் எஜமானரின் ரகசிய ஃபைலை எனக்கு அனுப்பு' என்று எழுதி வைத்தால் ஏஜென்ட் அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று 2025-லேயே செய்து காட்டிவிட்டார்கள். அந்தப் பித்தலாட்டத்தைப் பற்றி இன்னொரு வாரம் தனியாகப் பேச வேண்டும்.

நண்பரின் மகளிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "ஃப்ளாக் ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் அர்த்தம் எல்லாம் எழுதறியே, அதெல்லாம் உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கம்பெனியில் ஒரு சீனியர் இருந்தாராம். பதினாலு வருடம். அந்த ஃப்ளாக்கையெல்லாம் வைத்தவரே அவர்தான். ஏ.ஐ. வருகிறது, இனி இத்தனை பேர் எதற்கு என்று போன வருடம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மதுரையில் இருக்கிறார். மூன்றாவது எண்ணுக்கு மேல் யாருக்கும் அர்த்தம் உறுதியாகத் தெரியவில்லை என்றதும் இவள்தான் தயங்கித் தயங்கி அவருக்கு போன் செய்திருக்கிறாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். "இதை எழுதி வெச்சிடலாம்னு மூணு தடவை மெயில் போட்டேன்மா. இப்ப முக்கியமில்லன்னாங்க" என்று சிரித்தாராம்.

"அவருக்கு கம்பெனி ஏதாவது ஃபீஸ் குடுக்குமா?"

"கேட்டேன் அங்கிள். வேலையை விட்டுப் போனவங்களுக்குப் பணம் குடுக்க பாலிசி இல்லையாம். டாகுமென்ட்ல தாங்க்ஸ்னு அவர் பேரையாவது ஒரு வரி போடலாமான்னு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் அந்த வரியையும் சேர்த்துப் படிக்கும், காசு ஆகும், வேண்டாம்னுட்டாங்க."